சாய்தளம் ஒரு நாள், படிக்கட்டு ஐந்து வருடம்

எங்கள் வார்டு வாக்குச்சாவடி ஒரு தொடக்கப் பள்ளி. வாசலில் நான்கு படி. தேர்தலுக்கு முந்தின நாள் சாயங்காலம் அந்தப் படிகளின் மேல் பலகை அடித்து ஒரு சாய்தளம் போடுவார்கள். ஓட்டுப்பதிவு முடிந்த மறுநாள் ஷாமியானாவோடும் பிளாஸ்டிக் நாற்காலிகளோடும் அதுவும் வண்டியேறிவிடும். போலியோ தாக்கிய காலுக்குக் காலிப்பர் மாட்டிக்கொண்டு, கக்கத்தில் கட்டையை ஊன்றி நடக்கிறவன் நான். அன்று ஒரு நாள் எனக்குக் கிடைக்கும் மரியாதையே தனி. "வரிசையில நிக்காதீங்க சார், நேரா உள்ள போங்க" என்று காவலர் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போவார்.

அடுத்த மாதம் தெருவிளக்கு எரியவில்லை என்று மனு கொடுக்க உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போவேன். மனுவைக் கீழே வாங்கிக்கொள்வார்கள். அந்த விளக்குக்குப் பணம் ஒதுக்கலாமா வேண்டாமா என்று பேசுகிற மன்றக் கூடம் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது.

மாற்றுத்திறனாளி ஓட்டுப் போட வருவார் என்பது நம் அரசியலுக்குப் பழகிவிட்டது. அவரே மாடி ஏறி வந்து முடிவெடுக்க உட்காருவார் என்பது பழகவில்லை. அதற்கான முதல் ஏற்பாடாகத்தான் 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தியது. அந்தத் திருத்தம் என்ன தருகிறது, எதைத் தரவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

குறை காலிலா, படியிலா?

மனித உரிமை, மாற்றுத்திறன் என்று பேச ஆரம்பித்தால் பலருக்கு உடனே நினைவுக்கு வருவது உதவித்தொகை, மூன்று சக்கர வண்டி, செயற்கைக் கால் வழங்கும் விழா. இவை தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இவற்றின் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது: குறை அந்த மனிதரிடம் இருக்கிறது, நல்ல மனம் உள்ளவர்கள் அதை ஈடுகட்டுகிறார்கள்.

உரிமை பேசுகிறவர்கள் கணக்கைத் திருப்பிப் போடுகிறார்கள். சக்கர நாற்காலியில் வருகிற ஒருவர் சாய்தளம் இருக்கிற கட்டடத்துக்குள் மற்றவர்களைப் போலவே போய்விடுகிறார். பக்கத்துக் கட்டடத்தில் படி இருப்பதால் நின்றுவிடுகிறார். இரண்டு இடத்திலும் அவர் உடம்பு ஒன்றுதான். மாறியது கட்டடம். அப்படியானால் தடை கட்டடத்தில் இருக்கிறது, அதைக் கட்டியவருக்குப் பொறுப்பும் இருக்கிறது. காது கேளாதவருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லாத கூட்டமும், பார்வையற்றவருக்குப் பிரெயிலிலோ ஒலி வடிவிலோ தராத அறிவிப்பும் இதே வகைப் படிக்கட்டுகள்தான்.

இந்தப் பார்வையைச் சட்டமாக்கியது ஐ.நா. 2006 டிசம்பரில் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை. இந்தியா 2007 அக்டோபரில் அதை ஏற்று உறுதி செய்தது. அதன் 29-ஆம் பிரிவு அரசியல் பங்கேற்பைப் பற்றியது. ஓட்டுப் போடுவதோடு, போட்டியிடுவதையும் பதவி வகிப்பதையும் அது உரிமையாகச் சொல்கிறது. அந்த உடன்படிக்கைக்கு ஏற்ப நாம் இயற்றிய சட்டம்தான் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. இது 2017 ஏப்ரல் 19-இல் நடைமுறைக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டும் ஏற்றது. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. அரசு வேலையில் இட ஒதுக்கீட்டை 3-லிருந்து 4 சதவீதமாக்கியது. எல்லா வாக்குச்சாவடிகளும் அணுகத் தக்கவையாக இருக்க வேண்டும் என்று 11-ஆம் பிரிவில் தேர்தல் ஆணையங்களுக்குக் கட்டளையிட்டது.

ஆனால் இந்தச் சட்டம் வேலைக்கும் உயர்கல்விக்கும் ஒதுக்கீடு தந்ததே தவிர, சட்டமன்றத்திலோ ஊராட்சியிலோ ஓர் இடம்கூட ஒதுக்கவில்லை.

ஓட்டுப் போடுகிறவருக்கு என்ன உண்டு?

இந்தப் பகுதியில் நாடு உண்மையிலேயே முன்னேறியிருக்கிறது. பலருக்கு விவரம் தெரியாததால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் பொத்தான்களின் அருகே பிரெயில் எண்கள் உண்டு. தானே அழுத்த முடியாத பார்வையற்றவரோ உடல் தளர்ந்தவரோ, 18 வயது நிரம்பிய துணை ஒருவரை உள்ளே அழைத்துப் போகலாம். தேர்தல் நடத்தை விதிகளின் 49என் விதி இதற்கு வழி செய்கிறது. துணைக்கு யார் வருவது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் வாக்காளர். கட்சி ஏஜென்ட்டுக்கு அதில் வேலை இல்லை. அப்படி வருகிறவர் ஒரே நாளில் இன்னொருவருக்குத் துணையாகப் போக முடியாது. பார்த்த ஓட்டை வெளியே சொல்லவும் கூடாது.

40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்கள் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம். அதற்கான விண்ணப்பம் 12டி. தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். நாடு முழுவதும் இந்த வசதி முதலில் கிடைத்த மக்களவைத் தேர்தல் 2024-இல் நடந்தது. வீட்டு ஓட்டைத் தேர்ந்தெடுத்தவர் பிறகு சாவடிக்குப் போய் ஓட்டுப் போட முடியாது. இவையெல்லாம் இந்தியத் தேர்தல் ஆணையம் நடத்தும் மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களுக்கான ஏற்பாடுகள். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அதற்கு விதிகள் வேறு. எனவே ஒரு தேர்தலில் கிடைத்த வசதி அடுத்ததிலும் இருக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே கழித்துவிடலாம். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு 18 வயதானால், "இவனுக்கு எதுக்குங்க ஓட்டு, பேரெல்லாம் சேர்க்க முடியாது" என்று கணக்கெடுக்க வந்தவர் சொல்வார், பெற்றோரும் நம்பிவிடுவார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 'சித்த சுவாதீனம் இல்லாதவர்' என்று தகுதியுள்ள நீதிமன்றம் ஒன்று அறிவித்திருந்தால்தான் வாக்காளர் பட்டியலில் சேர முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950-இன் 16-ஆம் பிரிவு அது. மருத்துவச் சான்றிதழோ, அடையாள அட்டையில் எழுதியிருக்கும் சதவீதமோ நீதிமன்ற அறிவிப்பு ஆகாது. தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு பாதுகாவலரை நியமித்திருக்கலாம். அந்தக் குழுவும் நீதிமன்றம் அல்ல. ஆகவே பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

தேர்தலில் நிற்கிறவருக்கு?

தேர்தலில் நிற்க மாற்றுத்திறனாளிகளுக்குப் பொதுவாகத் தடை இல்லை. பார்வையற்றவரான சாதன் குப்தா 1953-லேயே கல்கத்தாவிலிருந்து மக்களவைக்குப் போனார். பின்னாளில் மேற்கு வங்கத்தின் அட்வகேட் ஜெனரலாகவும் இருந்தார். போலியோவால் கால் பாதிக்கப்பட்ட எஸ். ஜெய்பால் ரெட்டி கட்டை ஊன்றியபடியே மத்திய அமைச்சராக இருந்தார். உதாரணம் கேட்டால் இந்த இரண்டு பெயரைத்தான் எல்லோரும் சொல்வோம். எழுபது வருடத்துக்கு இரண்டு பெயர் உடனே நினைவுக்கு வருவதே நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

தடை எழுதப்பட்டிருந்த இடங்களும் உண்டு. ஒடிசாவில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு நகராட்சி உறுப்பினர், தொழுநோய் இருக்கிறது என்ற காரணத்தால் பதவி இழந்தார். அந்த மாநில நகராட்சிச் சட்டத்தில் அப்படி ஒரு விதி இருந்தது. மருந்தால் முற்றிலும் குணமாகிற நோய் என்று ஊரெல்லாம் சுவரில் எழுதிய பிறகும், 2008-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது.

எழுதாத தடைகள் இதைவிடக் கனமானவை. பிரச்சாரத்துக்குப் பணம் வேண்டும். வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கட்சி சீட்டுத் தர வேண்டும். "பாவம், இவரை ஏன் அலைய விடணும்" என்ற ஒரே வாக்கியத்தில் ஒரு விண்ணப்பத்தை மறுத்துவிடலாம். மறுத்தவருக்கும் மனசாட்சி உறுத்தாது.

மேடைப் பேச்சைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். எதிர்க்கட்சி சொல்வது 'நொண்டிச் சாக்கு'. ஆளுங்கட்சியிடம் முறையிடுவது 'செவிடன் காதில் ஊதிய சங்கு'. திட்டம் தோற்றால் 'ஊமைக் கனவு'. ஊனமுற்றோர் என்ற சொல்லைத் தள்ளி, மாற்றுத்திறனாளி என்ற சொல்லை அரசுத் துறையின் பெயரிலேயே ஏற்றிய மாநிலம் இது. கோப்பில் சொல் மாறிவிட்டது. மைக்கின் முன்னால் மாறவில்லை. இப்படிப்பட்ட சொற்களைத் தவிர்க்கும்படி 2023 டிசம்பரில் தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு வழிகாட்டுதலே கொடுக்க வேண்டி வந்தது.

2025 திருத்தம் தந்தது

முதலில் எண்களைப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். அது மக்கள்தொகையில் 1.6 சதவீதத்துக்குச் சற்று மேல். 21 வகைகளைச் சட்டம் ஏற்பதற்கு முன் எடுத்த கணக்கு அது. உண்மை எண்ணிக்கை கூடுதலாகத்தான் இருக்கும். 2022-இல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது தமிழ்நாட்டில் இருந்த வார்டு உறுப்பினர் பதவிகள் 12,838. மக்கள்தொகை விகிதப்படி பார்த்தால் அவற்றில் 200 பேராவது மாற்றுத்திறனாளிகளாக இருந்திருக்க வேண்டும். அரசு தந்த கணக்கில் இருந்தவர்கள் 35 பேர்.

இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் 2025 ஏப்ரலில் முதல்வர் மு.க. ஸ்டாலின் இரண்டு சட்ட முன்வடிவுகளைக் கொண்டுவந்தார். ஒன்று, தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998-க்கான திருத்தம். மற்றொன்று, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-க்கான திருத்தம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என ஒவ்வோர் அமைப்பிலும் குறைந்தது ஒரு மாற்றுத்திறனாளியை நியமன உறுப்பினராக உட்கார வைக்க இவை வழி செய்தன. நகரங்களில் மட்டும் ஏறத்தாழ 650 இடங்கள். மாநிலத்தில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகளும் 388 ஒன்றியங்களும் இருப்பதால், கூட்டினால் 13 ஆயிரத்தைத் தாண்டும்.

35 எங்கே, 13 ஆயிரம் எங்கே! அரசியல் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று வெயிலில் உட்கார்ந்து கோஷம் போட்ட சங்கங்களுக்கு இது பெரிய வெற்றி. சத்தீஸ்கர் இதற்கு முன்பே இப்படி ஒரு வழியைத் திறந்திருந்தாலும், இத்தனை பெரிய அளவில் யோசித்தது தமிழ்நாடுதான் என்பதை மனம் திறந்து பாராட்ட வேண்டும்.

கிராமங்களில் ஒரு சிக்கல் குறுக்கே வந்தது. 27 மாவட்டங்களில் 2019 டிசம்பர் தேர்தலில் வந்த ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. சட்டம் வந்த நேரத்தில் அங்கே நிர்வாகத்தை நடத்தியவர்கள் தனி அலுவலர்கள். மன்றமே இல்லாதபோது நியமன உறுப்பினர் எங்கே போய் உட்காருவார்? ஆக, திருத்தத்தின் முதல் சோதனைக்களம் நகரங்களாகிவிட்டன.

தராதது

நியமன உறுப்பினர் கூட்டத்துக்கு வரலாம், பேசலாம், கேள்வி கேட்கலாம். நகர்ப்புற மன்றங்களில் அவருக்கு ஓட்டு இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 243ஆர் பிரிவு நகராட்சிகளில் நிபுணர்களை நியமிக்க இடம் தந்தபோதே, அப்படி வருகிறவர்களுக்கு வாக்குரிமை கிடையாது என்று கோடு போட்டுவிட்டது. ஆகவே ஒரு தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரும்போது, வாதாடியவர் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி, அவரைத் தேர்ந்தெடுப்பது யார்? இங்கே உகாண்டாவைப் பார்க்கலாம். அந்த நாட்டின் 1995 அரசமைப்புச் சட்டத்தின் கீழ் நாடாளுமன்றத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 இடங்கள் உண்டு. உள்ளாட்சி மன்றங்களிலும் அவர்களில் ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்று இடம் உண்டு. அந்த 5 உறுப்பினர்களை அரசு நியமிப்பதில்லை. மாற்றுத்திறனாளிகளே கீழ்மட்டத்திலிருந்து அமைத்துக்கொண்ட அமைப்புகளின் வழியாக ஒரு தேர்வாளர் குழு உருவாகி, அது தேர்ந்தெடுக்கிறது. அங்கேயும் ஆளுங்கட்சியின் கை நீளாமல் இல்லை. ஆனாலும், "நீ எங்களுக்கு என்ன செய்தாய்?" என்று கேட்க ஒரு கூட்டம் இருக்கிறது.

நம் ஊரில் நியமனம் செய்வது அரசு. நியமிக்கப்பட்டவர் நல்லவராகவே இருந்தாலும், யாருக்கு நன்றி சொல்வார், யாருக்குக் கணக்குச் சொல்வார் என்பது ஒரே கேள்வி ஆகிவிடுகிறது. ஆளுங்கட்சியின் வட்டச் செயலாளருக்கு வேண்டியவர் என்பதே தகுதியாகிவிட்டால், அந்த நாற்காலி இன்னொரு நலத்திட்ட உதவியாகச் சுருங்கிவிடும்.

மூன்றாவது, ஒருவர் எத்தனை பேருக்காகப் பேசுவார்? என்னையே அங்கே உட்கார வைத்தால் படி, கைப்பிடி, கழிப்பறை என்று மூச்சு விடாமல் பேசுவேன். கிராம சபைக்குத் தண்டோரா போட்டால் காது கேளாத தோழிக்கு எப்படித் தெரியும் என்பது எனக்குத் தானாகத் தோன்றாது. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அம்மாவுக்குப் பூங்காவில் என்ன வேண்டும் என்பதை அவரிடம் கேட்டால்தான் தெரியும். 21 வகைக்கு ஒரே ஆள் என்றால், அவருடைய முதல் வேலை மற்ற 20 வகையினரின் வீட்டுக் கதவைத் தட்டுவதுதான்.

என் பக்கம் எது?

ஓட்டில்லாத நாற்காலி எதற்கு என்று கோபப்படும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் நாற்காலியை வேண்டாம் என்று சொல்ல நான் தயாரில்லை. உள்ளாட்சி மன்றத்தில் முடிவாகிற விஷயங்கள் அப்படிப்பட்டவை. பொதுக்குழாய் எந்த உயரத்தில் இருக்க வேண்டும், ரேஷன் கடைக்குப் படி வேண்டுமா சாய்வு வேண்டுமா, மூடாத சாக்கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்பதெல்லாம் டெல்லிக்குத் தெரியாது. இப்படி ஒரு பட்டியல் கூட்டக் குறிப்பேட்டில் ஏறினாலே, நாளைக்கு யாரும் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

சட்டமும் இப்போது பக்கத்தில் நிற்கிறது. பொது இடங்களை அணுகத் தக்கவையாக்குவது தொடர்பான விதி வெறும் பரிந்துரைகளைக் கொண்டு நடக்கிறது, அது 2016 சட்டத்துக்கே பொருந்தாது என்று ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டாயமான தரங்களை மத்திய அரசு வகுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 'முடிந்தால் செய்வோம்' என்று சொல்லி நழுவும் காலம் முடிகிறது.

அதே நேரம், நியமனத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் உள்ளாட்சியில் நாம் தந்தது நியமனம் அல்ல. ஒதுக்கீடு செய்த தொகுதி, தேர்தல், முழு ஓட்டு. 'தலைவரோட வீட்டுக்காரர்' அதிகாரம் செய்த கதைகள் அதிலும் இருந்தன, இருக்கின்றன. ஆனாலும் மக்கள் ஓட்டால் வந்த ஒரு பெண் தலைவர், கணவரைக் கூட்டத்துக்கு வெளியே உட்காரச் சொல்கிற நாள் வந்தபோது, அதைச் சொல்லும் பலம் அவர் கையில் இருந்தது. அந்தப் பலம் ஓட்டிலிருந்து வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கும் அடுத்த படி அதுதான்: தேர்தலில் ஒதுக்கீடு. அதுவரைக்கும், நியமனத்துக்கு முன் உள்ளூர் மாற்றுத்திறனாளிகள் கூடி இரண்டு மூன்று பெயர்களைச் சொல்ல ஒரு முறை வேண்டும். உறுப்பினருக்குத் தேவையான சைகை மொழிபெயர்ப்பாளர், உதவியாளர், வாசிக்கத் தக்க வடிவில் கூட்டப் பொருள் ஆகியவற்றுக்கு மன்றமே செலவு செய்ய வேண்டும்.

எங்கள் ஊரில் நியமன உறுப்பினராக வருகிறவருக்கு நான் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். முதல் கூட்டத்தில் அவர் பேச வேண்டிய முதல் விஷயம், மன்றக் கூட்டத்தை மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றுவது. செலவு பெரிதாக ஆகாது. இரண்டு அறைகளின் மேஜை நாற்காலியை இடம் மாற்றினால் போதும். அவர் அழகாகப் பேசுவார், எல்லோரும் மேஜையைத் தட்டுவார்கள். பிறகு வாக்கெடுப்பு என்று வந்தால், கை தூக்க வேண்டியவர் நீங்களும் நானும் ஓட்டுப் போட்டு அனுப்பிய வார்டு உறுப்பினர்.

அவர் அன்று கை தூக்கினாரா என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தேர்தலில் அந்தப் பலகைச் சாய்தளம் போடுவதற்கு முன்பே, ஓட்டுக் கேட்டு அவர் உங்கள் வீட்டுப் படி ஏறுவார்.